தன்னாட்சிக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்கிற பனிச்சறுக்கு விடுதியில் பதினேழு பேர் கூடினார்கள். பதினேழு பேரும் ஆண்கள். நிரல் எழுதிப் பிழைத்தவர்கள், அல்லது நிரல் எழுதுவது எப்படி என்று கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைத்தவர்கள். 11ஆம் தேதி கூடி 13ஆம் தேதி கலையும்போது அவர்கள் கையில் ஓர் அறிக்கை இருந்தது. அரைப் பக்கம் தேறும். இன்று மென்பொருள் துறை முழுக்க 'அஜைல் அறிக்கை' என்று அறியப்படுவது அதுதான். அஜைல் என்பதைத் 'துரித' என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அது தப்பு. வேகம் இங்கே விஷயமே இல்லை; போகிற வழி சரியில்லை என்று தெரிந்தால் சட்டென்று திரும்ப முடிவதுதான் விஷயம்.

இதை ஒரு பிரதியாக வாசித்தால் இதன் இலக்கணம் விசித்திரமானது. நான்கு இணைகள். ஒவ்வொன்றிலும் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. வலது பக்கம் நடைமுறைகள், ஆவணங்கள், ஒப்பந்தம், திட்டம். இடது பக்கம் மனிதர்கள், ஓடுகிற மென்பொருள், வாடிக்கையாளரோடு கூடிச் செய்வது, மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது. வலது பக்கத்துக்கு மதிப்பே இல்லை என்று அறிக்கை சொல்லவில்லை, இடது பக்கத்துக்குக் கூடுதல் மதிப்பு என்கிறது. இந்தக் 'கூடுதல்' என்ற சொல்லின் வழியாகத்தான் பின்னால் எல்லாச் சமரசங்களும் உள்ளே நுழைந்தன. ஆனால் அறிக்கையோடு வந்த பன்னிரண்டு கோட்பாடுகளில் ஒன்று அவ்வளவு சமரசமானதல்ல. சிறந்த வடிவமைப்புகள், தம்மைத் தாமே ஒழுங்கமைத்துக்கொள்ளும் குழுக்களிடமிருந்துதான் பிறக்கின்றன என்கிறது அது. அதாவது மேஸ்திரி இல்லாத வேலைத்தலம். இதைக் கம்பெனிகளே காசு கொடுத்து வாங்கிக்கொண்டன என்பது வேடிக்கை.

தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். தலைவர் இல்லாமல், அல்லது தலைமை சுழன்று வருகிற மாதிரி, நாலு பேர் சேர்ந்து ஒரு காரியம் செய்ய முடியுமா என்பது நம்முடைய கேள்வியும்தான். நாடகக்குழு, படிப்பு வட்டம், சிறுபத்திரிகை ஆசிரியர் குழு என்று எத்தனை உடைந்திருக்கின்றன என்பது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். உடைந்ததைப் பற்றி நாம் வசை எழுதியிருக்கிறோம், அஞ்சலி எழுதியிருக்கிறோம், அளந்து பார்த்ததில்லை. மென்பொருள்காரர்களோ கால் நூற்றாண்டாக இருபது வயது மாணவர்களைக் குழுவாகப் போட்டு, தன்னாட்சியைப் பாடமாக நடத்தி, நடத்தியதை ஆராய்ச்சியும் செய்து வருகிறார்கள். அந்த ஆராய்ச்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல முடியாமல் போகிறது என்று பார்ப்பது நமக்கும் பயன்படும்.

கொஞ்சம் பின்னால் போவோம். அறிக்கை எதை எதிர்த்தது? 1911இல் ஃப்ரெடரிக் டெய்லர் தன் 'அறிவியல் மேலாண்மை' நூலில் சிந்திப்பதை நிர்வாக அறைக்கும் செய்வதைப் பட்டறைக்கும் எனப் பிரித்துக் கொடுத்தார். 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ராணுவக் கூட்டணி ஆதரவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே 'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவலாயிற்று. எழுதுகிற வேலையைத் தொழிற்சாலை வேலையாக்கும் ஆசை அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் தேவை, பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாகக் கீழிறங்கும் படம் ஒன்று வருகிறது. 'அருவி முறை' என்பது பிற்பாடு வைத்த பெயர். இதை அப்படியே செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று படத்துக்குப் பக்கத்திலேயே ராய்ஸ் எழுதினார். யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை போலும். படம் பாடப்புத்தகத்துக்குப் போயிற்று, எச்சரிக்கை போகவில்லை.

*

அஜைல் குழு என்ன செய்கிறது? ஆறு மாணவர்கள் சேர்ந்து விடுதி மெஸ் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் முதல் மாதம் முழுக்க ஆவணம் எழுதுவார்கள், கடைசி வாரம் நிரல் எழுதுவார்கள், அது ஓடாது. அஜைலில், அதன் பிரபலமான வடிவமான ஸ்க்ரம்மில், வேலையைச் சின்னச் சின்னக் கதைகளாக உடைக்கிறார்கள். 'விடுதி மாணவியாக நான் இந்த மாதம் சாப்பிடாத நாட்களைக் குறிக்க வேண்டும், அந்த நாட்களுக்குப் பணம் பிடிக்காமலிருக்க.' ஒரு கதை அவ்வளவுதான். ஆவணத்தில் 'பயனர்' என்றொரு முகமற்ற தன்னிலை இருக்கும், இங்கே பேசுகிற ஆள் ஒருத்தி இருக்கிறாள். கதைகள் ஒரு பட்டியலில் நிற்கும். எது முதலில் என்று வாடிக்கையாளர் தரப்பு ஆள் சொல்வார். எவ்வளவு முடியும் என்று குழு சொல்லும். இரண்டு வாரமோ நாலு வாரமோ ஒரு ஓட்டம், ஸ்பிரிண்ட் என்பார்கள். அதன் முடிவில் ஓடுகிற ஏதோ ஒன்றைக் காட்ட வேண்டும். தினமும் பதினைந்து நிமிடம் நின்றபடி பேசிக்கொள்வார்கள். ஓட்டம் முடிந்ததும் உட்கார்ந்து, எப்படி வேலை செய்தோம் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இதில் நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது கதையின் கனத்தை மதிப்பிடும் முறை. இதற்கு 'பிளானிங் போக்கர்' என்று பெயர். 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதியது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என்று எண்ணிட்ட சீட்டுகள். கதையை வாசித்ததும் ஆளுக்கொரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எல்லோரும் வைத்த பிறகு ஒரே சமயத்தில் திருப்புகிறார்கள். நான்கு பேர் 3 என்றும் ஒருத்தி 13 என்றும் போட்டிருந்தால் அந்த 13 ஏன் என்று அவள் சொல்ல வேண்டும். ஆகக் குறைவாகப் போட்டவரும் சொல்ல வேண்டும். பிறகு மறுபடி சீட்டு. இந்த ஒரே சமயத்தில் திருப்புகிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நம் கூட்டங்களில் மூத்தவர் முதலில் வாயைத் திறப்பார். அப்புறம் பேசுகிற ஐந்து பேரும் 'தோழர் சொன்னதையே வழிமொழிகிறேன்' என்பார்கள். மௌனமாக இருந்த ஆறாவது ஆளுக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கும். சீட்டைக் கவிழ்த்து வைத்தால் அதிகாரம் முதலில் பேச முடியாமல் போகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் எந்தத் தத்துவ விசாரமும் இல்லாமல் ஒரு மேசையில் நடந்துவிடுகிறது.

இன்னொன்று, இரண்டு பேர் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து சேர்ந்து நிரல் எழுதுவது. ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பார்த்துக்கொண்டே யோசிக்க, பிறகு இடம் மாறிக்கொள்வது. கென்ட் பெக் 1999இல் வெளியிட்ட 'எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்' புத்தகத்தின் பன்னிரண்டு பழக்கங்களில் இது ஒன்று. (அந்தப் புத்தகத்துக்கு விளைநிலமான கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப்பட்டியல் திட்டத்தை, புத்தகம் வந்து சில மாதங்களில், 2000 பிப்ரவரியில் கம்பெனி இழுத்து மூடியது தனிக்கதை.) நம்மூர்க் கல்லூரி லேப்களில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று உட்கார்ந்த காலம் ஒன்று உண்டு. அதற்கு நாம் வைத்த பெயர் பற்றாக்குறை. அவர்கள் அதற்கு வைத்த பெயர் முறையியல்.

*

சரி, இது வகுப்பறைக்குள் வருகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் முல்லரும் டிஷியும் நடத்திய பாடத்தைப் பற்றிய கட்டுரை 2001இலேயே வந்துவிட்டது. இணைந்து எழுதுவது மாணவர்களுக்குப் பிடித்திருந்தது, சீக்கிரம் பழகிவிட்டது. ஆனால் எதிர்காலத்தை யோசிக்காமல் இன்றைக்கு வேண்டியதை மட்டும் வடிவமைப்பதும், நிரலுக்கு முன்பே சோதனையை எழுதுவதும் கஷ்டமாக இருந்தன. பழகும்வரை கூடவே ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டியிருந்தது. ஹைஃபாவிலுள்ள டெக்னியன் நிறுவனத்தில் ஒரிட் ஹஸனும் யேல் டுபின்ஸ்கியும் வேறு மாதிரி செய்தார்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும், நிரல் எழுதுவதைத் தவிர, ஒரு தனிப் பொறுப்பு. ஒருத்தர் சோதனைக்கு, ஒருத்தர் வாடிக்கையாளர் தொடர்புக்கு, ஒருத்தர் கால அளவைக்கு என்று. தலைமையைக் கூறுபோட்டு ஆளுக்கொரு கூறு கொடுத்துவிட்டால் ஒரே ஆளிடம் அது குவியாது. இது நல்ல யோசனை.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலைக்கழகத்து அனுபவம். வில்யான் மஹ்னிச் இறுதியாண்டு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, மூன்று ஸ்பிரிண்ட் ஓட்டி, பல ஆண்டு கவனித்து எழுதியிருக்கிறார். முதல் ஓட்டத்தில் மாணவர்கள் தங்களால் முடிவதைவிட அதிகமாக வாக்குக் கொடுக்கிறார்கள், முடிக்க முடியவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் தெளிகிறார்கள். மூன்றாவதில் சொன்னதும் செய்ததும் ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. இதை யாரும் விரிவுரை நடத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. தன் திறனைத் தானே தப்பாக மதிப்பிட்டு, அந்தத் தப்பை நாலு வாரத்தில் கண்ணால் பார்த்து, மறுபடி மதிப்பிட்டதால் வந்த அறிவு இது. அந்த மாணவர்கள் செய்த மென்பொருள்களில் ஒன்று மாணவர் பதிவேடு: சேர்க்கை, தேர்வுக்கான விண்ணப்பம், தேர்வு விவரங்கள். தங்களைப் பதிவு செய்து வைக்கிற கோப்பையே தாங்கள் சுதந்திரமாக உருவாக்கிப் பழகினார்கள். ஃபூக்கோ இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சிரிப்பு ஒருபுறமிருக்க, இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாக்குக் கொடுத்ததை முடித்தால் மதிப்பெண், முடிக்காவிட்டால் மதிப்பெண் குறைவு என்று ஆசிரியர் வைத்தால் என்ன ஆகும்? மாணவர் முட்டாள் இல்லை. 3 போட வேண்டிய கதைக்கு 8 போடுவார். எல்லாம் குறித்த நாளில் முடிந்துவிடும். வேலை எவ்வளவு மிச்சம் என்று காட்டும் வரைபடம் ஒன்று உண்டு, பர்ன்டவுன் என்பார்கள். அது வழுக்குமரத்தில் எண்ணெய் தடவின மாதிரி நேராகக் கீழே இறங்கும். நிஜமான குழுவின் வரைபடம் அப்படி இறங்குவதே இல்லை. முட்டும், நிற்கும், மேலேகூட ஏறும். வரைபடம் அழகாக இருந்தால் அது கடைசி நாள் இரவு உட்கார்ந்து வரையப்பட்டது என்று அனுபவமுள்ள ஆசிரியருக்குத் தெரியும். தெரிந்தும் மதிப்பெண் போடுவார், ஏனென்றால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. தப்பாக மதிப்பிடும் உரிமை பறிபோகும் இடத்தில் பாடம் செத்துவிடுகிறது, பாடத்தின் சடங்கு மட்டும் நடக்கிறது.

ஸ்க்ரம்மை உருவாக்கியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. 2011இல் அவர்களுடைய வழிகாட்டி நூலில், ஓட்டத்துக்கு எடுத்துக்கொள்ளும் வேலையைக் குறிக்க 'வாக்குறுதி' என்ற பொருளில் இருந்த சொல்லை எடுத்துவிட்டு 'முன்கணிப்பு' என்ற பொருளில் இன்னொன்றை வைத்தார்கள். வாக்குறுதி தவறினால் குற்றம். முன்கணிப்பு தவறினால் மழைச்செய்தி மாதிரி, நாளைக்குச் சரியாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு சொல்லை மாற்றினால் உறவு மாறிவிடும் என்று நம்புவதில் அவர்களும் நம்மைப்போலத்தான். கம்பெனி மேலாளர் எந்தச் சொல்லையும் வாக்குறுதியாகவே வாசிப்பார்.

வகுப்பறையில் ஆசிரியருக்கு எத்தனை வேடம் என்று பாருங்கள். அவரே வாடிக்கையாளர், ஏனென்றால் நிஜ வாடிக்கையாளர் வரமாட்டார். குழுவுக்குத் தடை வந்தால் விலக்கித் தரும் ஸ்க்ரம்மாஸ்டர் பல இடங்களில் அவரே. பயிற்சியாளரும் அவர்தான். கடைசியில் தேர்வாளரும் அவர்தான். முதல் மூன்று வேடத்திலும் மாணவர் அவரிடம் 'எங்களுக்குத் தெரியவில்லை சார்' என்று சொல்ல வேண்டும். நாலாவது வேடத்திடம் அதைச் சொல்லவே கூடாது. முகம் ஒன்றுதான். பாவ்லோ ஃப்ரெய்ரே ஆசிரியர்–மாணவர் முரண்பாட்டைத் தீர்க்காமல் விடுதலைக் கல்வி இல்லை என்றார். இங்கே அந்த முரண்பாடு ஒரே உடம்புக்குள் இருக்கிறது.

இது மிகக் கூர்மையாகத் தெரிவது திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில். ரெட்ராஸ்பெக்டிவ் என்கிற அந்தக் கூட்டத்துக்கு நார்மன் கெர்த் 2001இல் எழுதிய புத்தகம் ஒரு முன்நிபந்தனை வைக்கிறது. அன்றைக்குத் தெரிந்ததையும் கையிலிருந்ததையும் வைத்து எல்லோரும் தங்களால் முடிந்ததைச் செய்தார்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேசத் தொடங்க வேண்டும். நம் இயக்கங்களின் சுயவிமர்சனக் கூட்டம் எப்படித் தொடங்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முதலில் குற்றவாளி, பிறகு குற்றம். ஆனால் கெர்த் சொன்ன இந்த நம்பிக்கைக்குக்கூட, மதிப்பெண் போடுகிறவர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் உயிர் இல்லை. 'தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்' என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். குமரேசன் மூன்று வாரமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும், சொல்லாவிட்டால் அவன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

உழைக்காமல் ஒட்டிக்கொள்வது புதிதல்ல. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் எழுதினார். எட்டுப் பேராக இழுக்கும்போது ஒவ்வொருவரும் தனியாக இழுத்த பலத்தில் ஏறக்குறையப் பாதியைத்தான் போடுகிறார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற நமக்கு இதற்கு அளவை தேவையில்லை. பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்த மருந்து சக மதிப்பீடு. குழுவில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு ரகசியமாக மதிப்பெண் போட வேண்டும். இது நியாயம்போல் தெரிகிறது. ஆனால் கண்காணிப்பைப் பரவலாக்கியதைத் தவிர இது வேறென்ன? ஆசிரியர் கையிலிருந்த பேனாவை ஆறாக உடைத்து ஆளுக்கொன்று கொடுத்தால் அது ஜனநாயகமாகிவிடாது. இணையத்தில் சேமிக்கப்படும் நிரலில் யார் எந்த நிமிடம் எந்த வரியைச் சேர்த்தார் என்பது பதிவாகிறது. அதை எண்ணி மதிப்பெண் போடுகிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து யோசித்து ஒருத்தி தட்டச்சு செய்தால், பதிவேட்டில் ஒருத்திதான் இருப்பாள்.

*

இனி இந்த மாணவர்களை ஆராய்வது பற்றி. ஸ்னோபேர்ட் இருக்கிற அதே யூட்டாவில், பல்கலைக்கழகத்தில், 1999இல் லாரி வில்லியம்ஸ் ஒரு பரிசோதனை செய்தார். இறுதியாண்டு மாணவர்கள் 41 பேர். 13 பேர் தனியாக, 28 பேர் இணைகளாக. பழகிய பிறகு இணைகள் செலவழித்த மொத்த உழைப்பு நேரம் சுமார் 15 சதவீதம்தான் கூடுதல், நிரலில் பிழை குறைவு. இந்த 15 சதவீதம் பிறகு கம்பெனி மாநாடுகளிலெல்லாம் வேதவாக்காயிற்று. எட்டு ஆண்டு கழித்து, 2007இல், நார்வேயின் ஆரிஸ்ஹோமும் சகாக்களும் நார்வே, சுவீடன், பிரிட்டன் நாடுகளின் 29 நிறுவனங்களிலிருந்து 295 தொழில்முறை நிரலாளர்களை வைத்துச் செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். இணைகளின் உழைப்பு நேரம் 84 சதவீதம் கூடுதல். சரியான விடைகள் வெறும் 7 சதவீதம் கூடுதல். ஆனால் அனுபவம் குறைந்தவர்கள் சிக்கலான நிரலோடு மல்லுக்கட்டும்போது மட்டும் இணை பெரிய உதவியாக இருந்தது. அதாவது யூட்டா மாணவர்கள் பொய் சொல்லவில்லை. கற்றுக்கொண்டிருக்கிற ஒருவரின் உண்மையை, கற்று முடித்த ஒருவரின் உழைப்புக்குத் தரவரிசையாக எடுத்துப் போட்டவர்கள்தான் தப்புச் செய்தார்கள்.

இது ஒரு தனி நிகழ்வல்ல. 1993 முதல் 2002 வரை முக்கியமான இதழ்களிலும் மாநாடுகளிலும் வந்த 5,453 மென்பொருள் பொறியியல் கட்டுரைகளை டாக் ஷோபெர்க் குழு துழாவி 2005இல் எழுதியது. அவற்றில் கிடைத்த 113 பரிசோதனைகளில் பங்கெடுத்த 5,488 பேரில் 87 சதவீதம் மாணவர்கள். தொழில்முறையாளர் 9 சதவீதம். உழைப்பைப் பற்றிய அறிவு, இன்னும் கூலி வாங்கத் தொடங்காதவர்கள் மேல் கட்டப்பட்டிருக்கிறது. மாணவர் கையருகில் இருக்கிறார், செலவில்லை, மாட்டேன் என்று சொல்வதில்லை. மாணவர்களை வைத்துச் செய்வது செல்லுமா என்று அத்துறையில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. மார்ட்டின் ஹோஸ்ட் முதலியோர் 2000இல் எழுதியதிலிருந்து 2018 வரை. பெரும்பாலும் அது 'மாணவர் தொழில்முறையாளருக்குச் சமமா' என்ற விவாதம். மாட்டேன் என்று சொல்ல முடியாதவரின் சம்மதம் சம்மதமா என்ற கேள்வியும் எழுந்தது, 2003இல் கார்வர் முதலியோர் கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்குமான இந்த மோதலை எடுத்து எழுதினார்கள். ஆனால் முதல் கேள்வியளவுக்கு அது வளரவில்லை என்பது என் வாசிப்பு.

மாணவர் பரிசோதனைகள் உருப்படியாகச் சொன்ன விஷயமும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சார்லி மெக்டவல், லிண்டா வெர்னர் குழு தொடக்கநிலை வகுப்புகளில் பார்த்தது: இணைகளாக எழுதிப் பழகியவர்கள் பாதியில் விட்டுப்போகாமல் கணினித் துறையிலேயே தொடர்வது கூடுகிறது, தங்கள் நிரல்மேல் நம்பிக்கையும் கூடுகிறது, பெண்களிடம் குறிப்பாக. கம்பெனிக்கு எத்தனை சதவீதம் லாபம் என்பதை அவர்கள் கேட்கவில்லை. மாணவர் மாணவராக என்ன ஆகிறார் என்று கேட்டார்கள். கேள்வியை மாற்றியதும் மாணவர் பிரதிநிதியாக இல்லாமல் தானாகவே வந்து நிற்கிறார்.

*

தமிழ்நாட்டுக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் பாடத்திட்டத்தில் அஜைலும் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கும் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் அலகில், பிற மாதிரிகளோடு சேர்த்து. 'அஜைல் கோட்பாடுகளை விளக்குக' என்று கேட்டால் பன்னிரண்டையும் வரிசையாக எழுத வேண்டும். மூன்று மணி நேரம், தனியாக, வாய் திறக்காமல். பக்கத்திலிருப்பவரோடு பேசினால் அது முறைகேடு. இறுதியாண்டு புராஜெக்ட் குழுவாகச் செய்வதுதான், ஆனால் அதைக் காசுக்குச் செய்து கொடுக்க புராஜெக்ட் சென்டர்கள் ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருக்கின்றன. அங்கே மாணவர் வாடிக்கையாளர் ஆகிறார். ஒரு வகையில் அஜைல் அறிக்கையின் இடது பக்கத்தில் இடம்பிடித்துவிடுகிறார்.

குழுவை எப்படிப் பிரிப்பது என்பதிலேயே நம் சமூகம் முழுக்க இருக்கிறது. பதிவெண் வரிசைப்படி பிரித்தால் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். 'நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்' என்றால் விடுதி, ஊர், பள்ளியில் படித்த மொழி, சாதி எல்லாம் சத்தமில்லாமல் வேலை செய்து குழுக்கள் அமைந்துவிடும். யாரும் சேர்த்துக்கொள்ளாத நாலு பேர் கடைசியில் ஒரு குழுவாக மிஞ்சுவார்கள். தன்னை ஒழுங்கமைத்துக்கொள்வது என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே இருக்கிற ஒழுங்கு தன்னை அமைத்துக்கொள்கிறது. குழுவுக்குள்ளும் அதுதான். பெண்கள் பக்கம் ஆவணமும் பவர்பாயின்டும் வந்து சேரும். தினசரி நின்றுபேசும் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தால், தமிழ்வழியில் படித்து வந்த பையன் 'நேற்று செய்தேன், இன்று செய்வேன், தடை ஒன்றுமில்லை' என்ற மூன்று வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்வான். தடை ஒன்றுமில்லை என்பதுதான் அவனுக்கு நன்றாக வருகிற ஆங்கிலம். அவனிடம் ஆயிரம் தடை இருக்கும். அந்தக் கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டதே அதைக் கேட்கத்தான்.

அப்புறம் அவன் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வேலைக்குப் போகிறான். அங்கே தினசரிக் கூட்டம் மேலாளர் வருகைப்பதிவு எடுக்கிற இடமாக மாறியிருப்பதைப் பார்க்கிறான். அவன் ஆச்சரியப்படுவதில்லை, வகுப்பறையிலேயே பழகிவிட்டது. அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் 2016இல் இதை 'இருண்ட ஸ்க்ரம்' என்று பெயரிட்டு எழுதினார். 2018இல் நிரலாளர்கள் இந்தப் பெயர்தாங்கிய அஜைலையே கைவிடுவது நல்லது என்றார். 2020இல் ஸ்க்ரம் வழிகாட்டி, குழு 'தன்னைத் தானே நிர்வகிக்கிறது' என்று சொல்லை உயர்த்தியது. யார், எப்போது, எப்படி என்பதையெல்லாம் குழுவே முடிவு செய்யுமாம். எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பவை அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் 1999 புத்தகத்தின் பன்னிரண்டு பழக்கங்களில் ஒன்று வாரத்துக்கு நாற்பது மணி நேர வேலை. தொழிற்சங்கக் கோரிக்கை ஒன்று மேலாண்மைப் புத்தகத்துக்குள் எப்படியோ வந்து உட்கார்ந்திருந்தது. பிறகு அது 'தாங்கக்கூடிய வேகம்' என்று மென்மையாக்கப்பட்டது. கல்லூரியிலும் முதலில் காற்றில் பறப்பது அதுதான். மற்ற ஐந்து பாடத்தின் அசைன்மென்டோடு சேர்த்து ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்பிரிண்ட் முடிகிறது.

ஒரு தனி ஆசிரியர், பல்கலைக்கழகத்தைக் கேட்காமலே, உள்மதிப்பீட்டு எல்லைக்குள் சிலதைச் செய்யலாம். முதல் ஓட்டத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடலாம். மதிப்பிட்டதற்கும் முடித்ததற்கும் உள்ள இடைவெளிக்கு மதிப்பெண் குறைக்காமல், அந்த இடைவெளி ஏன் வந்தது என்று குழு கொடுக்கும் விளக்கத்துக்கு மதிப்பெண் போடலாம். பொறுப்புகளை ஓட்டத்துக்கு ஓட்டம் சுழற்றினால் ஆவணம் எழுதும் வேலை ஒரே ஆளிடம் தங்காது. நின்றுபேசும் கூட்டம் தமிழில் நடக்கட்டும், ஆங்கிலம் வாடிக்கையாளருக்குக் காட்டும் நாளில் வரட்டும். திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில் ஆசிரியர் இருக்கக் கூடாது. கூட்டம் முடிந்ததும், அடுத்த ஓட்டத்தில் மாற்றப் போகிற ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சுவரில் ஒட்டினால் போதும், பேசினது வெளியே வர வேண்டியதில்லை. இதையெல்லாம் வைத்துக் கட்டுரை எழுத விரும்பினால், மதிப்பெண் பட்டியல் ஒப்படைத்த பிறகு மாணவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். சிலர் மாட்டோம் என்பார்கள், தரவு குறையும்.